நகர மறுத்த வளையம்



இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடியது. மோட்டார்த் தொழிலாளர் அதனை ஆயில் சீல் என்று அழைப்பர். எண்ணெய்த் தடுப்பு வளையம் என்று தமிழில் சொல்லலாம். ஆனால் கடைக்குப் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகையால் இந்தப் பேச்சு முழுவதும் அதனை ஆயில் சீல் என்றே வழங்குகின்றேன். என் பழைய மாருதி 800 காரிலிருந்து அத்தகைய சீல் ஒன்றைக் கழற்ற முற்பட்டு, ஒரு சனிக்கிழமை முழுவதும் நான் பட்ட பாட்டையும், மறுநாள் என்னிடம் படித்த ஒருவனிடம் நான் கற்ற பாடத்தையும் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கின்றேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. அதன்படி மாட்டு வண்டியிலிருந்தே தொடங்குகின்றேன். நான் குடியிருப்பது வேலப்பன்சாவடி. சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே வருவோர் மதுரவாயலைத் தாண்டி, திருவேற்காட்டுக்குத் திரும்பும் இடத்தில் எங்கள் ஊரைக் காண்பர். பூந்தமல்லியை ஒட்டிக் குமணன்சாவடி இருக்கின்றது, கரையான்சாவடி இருக்கின்றது. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று லாரிகள் இரைந்து ஓடும் சாலையின் ஓரத்தில் அந்தப் பெயர்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன.

என் பாட்டனார் வண்டி வைத்திருந்தவர். விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து மசகு செய்து, மூங்கிற் குழாய் ஒன்றில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார். பயணம் புறப்படுமுன் கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சில் மசகு தடவுவார். போய்ச் சேருவதற்குள் அந்த மசகு பாதி வெளியே வழிந்துவிடும். வழிந்த இடத்தில் சாலைப் புழுதி போய் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தை உரசிய வேட்டியில் விழுந்த கறை வேட்டி கிழியும்வரை போகாது. அவருடைய வண்டியில் இல்லாமற்போனது ஒரே ஒரு பொருள்தான். உள்ளிருக்கும் எண்ணெயை வெளியே விடாமலும், வெளியிலிருக்கும் புழுதியை உள்ளே விடாமலும், அதே வேளையில் அச்சு சுழல்வதைத் தடுக்காமலும் இருக்கக்கூடிய ஒரு வாயிற்காவலன். அந்தக் காவலன்தான் ஆயில் சீல்.

அதன் அமைப்பைச் சொல்லுகின்றேன். கேட்டுக்கொண்டே ஒரு தாளில் வரைந்து பாருங்கள். மெல்லிய எஃகுத் தகட்டால் ஆன ஒரு வளையம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எல் எழுத்தின் வடிவில் இருக்கும். பெரும்பாலும் அதன்மேல் ரப்பர் போர்த்தியிருக்கும். உட்புறத்தில் ரப்பர் மெலிந்து ஓர் உதடுபோல நீண்டிருக்கும். அந்த உதட்டின் முதுகில், தலைமயிர் போன்ற கம்பியால் சுற்றிய ஸ்பிரிங் ஒன்று மாலைபோல் வளைந்து கிடக்கும். சுழலும் தண்டை உதடு தழுவிக்கொள்ளும். ஸ்பிரிங் அந்தத் தழுவலைத் தளரவிடாது. உதடு எப்போதும் எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்கியே நிற்கவேண்டும். சீலின் முகத்தில் மூன்று எண்கள் பொறித்திருப்பார்கள். அவை உள்விட்டம், வெளிவிட்டம், கனம், மூன்றும் மில்லிமீட்டரில்.

சீலின் வெளிவிட்டம், அது உட்காரவேண்டிய துளையின் விட்டத்தைவிட வேண்டுமென்றே சற்றுப் பெரியதாகச் செய்யப்படுகின்றது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவே பெரியது. அந்தச் சிறு மிகுதியினால்தான், ஆணியோ திருகோ இன்றி, அது தன் இடத்தில் இறுகி நிற்கின்றது. ஆக, சீல் கழல மறுக்கும்போது நாம் அதனைப் பிடிவாதம் என்கின்றோம். உண்மையில் அது தனக்கு இட்ட பணியைச் செய்துகொண்டிருக்கின்றது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஜெர்மனியில் வைன்ஹைம் என்னும் ஊரில், 1849 முதல் தோல் பதனிட்டு வந்த நிறுவனம் ஃப்ராய்டன்பர்க் என்பது. 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்த காலத்தில் தோலுக்கு வேறு பயன் தேடவேண்டி வந்தபோது, அவர்கள் தோலால் சீல்கள் செய்யத் தொடங்கினர். வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளர் அங்கே உருவாக்கிய சீலுக்குச் சிம்மர் வளையம் என்றே பெயர் நிலைத்தது. 1930-களிலேயே தோல் போய், எண்ணெயில் ஊறிக் கெடாத செயற்கை ரப்பர் வந்தது. எங்கள் ஊர்ச் சாலையிலேயே மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் இராணிப்பேட்டை வரும், ஆம்பூர் வரும், வாணியம்பாடி வரும். தோல் பதனிடுவதில் பெயர்பெற்ற ஊர்கள் அவை. காலணியாக வேண்டிய தோல் மோட்டாருக்குக் காவலாகப் போன காலம் ஒன்று உண்டு என்பதை அவ்வழியே போகும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

ரப்பரும் சாகாவரம் பெற்றதன்று. ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறுவதால் அது இறுகிப்போகின்றது. இறுகிய உதடு தண்டைத் தழுவாது. குளிர்ச்சியிலும் ரப்பர் விறைக்கும். 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் புறப்பட்ட சற்று நேரத்தில் சிதறி, அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். அங்கே பழுதானது ஆயில் சீல் அன்று. அதற்குத் தம்பி முறையான ஓ-வளையம். குளிரில் விறைத்த ரப்பர் உரிய நேரத்தில் விரிந்துகொடுக்கவில்லை என்பதை, ரிச்சர்டு ஃபெயின்மன் என்னும் இயற்பியல் அறிஞர் விசாரணைக் குழுவின் முன்னால் ஒரு குவளைப் பனிநீரில் அந்த ரப்பர்த் துண்டை அமிழ்த்திக் காட்டினார். பள்ளிக்கூட மேசையில் நாம் செய்யக்கூடிய சோதனை அது.

இனி என் கதைக்கு வருகின்றேன். நான் 2018-இல் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்கு முன்பே, பிறர் வைத்திருந்த மாருதி 800 ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தேன். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்து, 2014-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரங்களே. ஆகவே கியர் பெட்டியின் இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு தண்டுகள் நேராகச் சக்கரங்களுக்குப் போகின்றன. தண்டு வெளியே வரும் வாயில் ஒவ்வொன்றிலும் ஓர் ஆயில் சீல் காவல் இருக்கின்றது.

விடியற்காலையில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தைக்குப் புறப்பட்ட பின், அது நின்ற இடத்தில் என் மனைவி நீர் தெளித்துக் கோலமிடுவது வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை நான் திரும்பி வந்ததும் அவள் சொன்னாள்: "ஏழு புள்ளிக் கோலத்துக்கு எட்டாவது புள்ளியை உங்க வண்டி வெச்சிருக்குதுங்க. தண்ணி தெளிச்சா ஒட்டவே மாட்டேங்குது."

குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். கந்தகம் கலந்தாற்போன்ற ஒரு நெடி. எஞ்சின் எண்ணெய்க்கு அந்த நெடி கிடையாது; கியர் எண்ணெய்க்கே உரியது. இடப்பக்கச் சீல் கசிகின்றது என்று முடிவு செய்தேன். பழக்கம் விடவில்லை, உடனே கணக்கும் போட்டேன். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 288 சொட்டு. ஏறக்குறைய 14 மில்லிலிட்டர். முப்பது நாளில் 430 மில்லிலிட்டருக்கு மேல். எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்க ஒரு சிவப்பு விளக்கு உண்டு. கியர் பெட்டிக்கு அப்படி ஏதும் இல்லை. அது ஓசையின்றி வறண்டு, ஒருநாள் பேரோசையோடு உடையும். அது உடையும் நாள், மருத்துவரிடம் மனைவியை அழைத்துப் போகும் நாளாகவும் இருக்கலாம்.

பழுதுபார்க்கும் இடத்தில் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துத் தாமே பூட்டித் தொழில் கற்றார் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தவன் நான். சொன்னவன் ஒருமுறையாவது செய்து பார்க்கவேண்டாமா? சென்னை ஜி.பி. சாலையில் புதுச் சீல் வாங்கிவந்தேன். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். இங்கே ஓர் எச்சரிக்கை, விளையாட்டாக எண்ணவேண்டாம். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுப்பவன் உயிரைப் பணயம் வைக்கின்றான். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் தவறு. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டின்மேல் வண்டியை இறக்கி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் அடியில் படுக்கவைத்தேன். இந்த ஒன்றையாவது அன்று நான் சரியாகச் செய்தேன்.

எண்ணெயை வடித்து, சக்கரத்தின் கீழ்க்கையை விடுவித்து, தண்டை நெம்பி வெளியே எடுத்தேன். அதுவரை எல்லாம் நூலில் உள்ளபடி நடந்தது. எதிரே சீல் தெரிந்தது. கறுத்து, இறுகி, அசையாமல் இருந்தது. நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து உதட்டின் உட்புறம் மாட்டி, கியர் பெட்டியின் விளிம்பைத் தாங்குமுனையாகக் கொண்டு நெம்பினேன். அசையவில்லை. இன்னும் நெம்பினேன். அதே இடத்தில், மேலும் வலுவாக. சீலின் ஒரு பக்கம் சிறிது எழும்பியது. எதிர்ப்பக்கம் இன்னும் ஆழ இறங்கியது. மகிழ்ச்சியோடு மேலும் அழுத்தியபோது திருப்புளி வழுக்கியது. கீறிச்சென்ற ஓசை கேட்டது. சீல் அப்படியே இருந்தது. அது உட்கார்ந்திருந்த அலுமினியச் சுவரில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தது.

மாலைவரை முயன்றேன். வளையத்தின் முகம் நசுங்கியதே ஒழிய நகரவில்லை. இரவு படுத்த பின்பு, எட்டாம் வகுப்புக்கு நான் நடத்திய நெம்புகோல் பாடம் நினைவுக்கு வந்து என்னைத் தூங்கவிடவில்லை.

நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். திருப்புளியின் நீண்ட பக்கம் 30 சென்டிமீட்டர். குறுகிய பக்கம் 2 சென்டிமீட்டர். கையால் 20 கிலோ விசை கொடுத்தால் முனையில் 15 மடங்கு, அதாவது 300 கிலோ. இதுவரை எல்லா மாணவரும் சொல்லிவிடுவர். தாங்குமுனையின்மேல் விழும் விசை எவ்வளவு என்று கேட்டால்தான் வகுப்பு மௌனமாகும். இரண்டும் சேர்ந்து 320 கிலோ. சீலை இழுக்கும் விசையைவிட, நாம் ஊன்றியிருக்கும் இடத்தை நசுக்கும் விசை பெரியது. திருப்புளி அந்த விளிம்பில் தொட்டுக்கொண்டிருந்த பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3,200 கிலோ. வார்ப்பு அலுமினியம் அதனைத் தாங்காது. அதே இடத்தில் நான்கு சென்டிமீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு மரத்துண்டை வைத்திருந்தால், 320 கிலோவும் எட்டுச் சதுர சென்டிமீட்டரில் பரவி, அழுத்தம் 40 கிலோவாக இறங்கியிருக்கும். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய கணக்கு இது. கையில் திருப்புளி இருந்தபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறு காலையில் என் பழைய மாணவன் ஒருவனுக்குச் சொல்லியனுப்பினேன். நெடுஞ்சாலையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் வேலை செய்பவன். பள்ளியில் அவன் வாய் திறந்து விடை சொல்லி நான் கேட்டதில்லை. பிடிவாதக்காரன் என்று அவனைப் பற்றி ஒரு முடிவும் செய்து வைத்திருந்தேன். இப்போது அவனுக்கு நாற்பது வயதிருக்கும். வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வணக்கம் சொல்லி, கருவி எதையும் தொடாமல் முதலில் ஒரு கேள்வி கேட்டான்: "சார், பிரீதரைப் பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. கியர் பெட்டி சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேறச் சிறு மூச்சுக்குழாய் ஒன்று வைத்திருப்பார்கள், அதுவே பிரீதர். அதில் சேறு அடைத்துக்கொண்டால் காற்று வேறு வழி தேடி எண்ணெயைச் சீலின் வழியாகத் தள்ளும். அப்போது எத்தனை புதுச் சீல் மாட்டினாலும் கசிவு நிற்காது. எங்கள் வண்டியில் அது பாதி அடைத்திருந்தது. குற்றம் செய்தவன் பின் பெஞ்சில் இருக்க, முன் பெஞ்சுப் பையனை எழுப்பி நிறுத்தும் ஆசிரியர்களை நான் அறிவேன். சில நாட்கள் நானே அவ்வாறு செய்திருக்கின்றேன். ஆனாலும் சீலும் இறுகிப்போயிருந்தது உண்மை. அதனை மாற்றத்தான் வேண்டும் என்றான்.

பிறகு டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட கோட்டை நெடுநேரம் பார்த்தான். நகத்தை அதன் குறுக்கே மெல்ல ஓட்டினான். "சார், நீங்க சீலையே பார்த்துக்கிட்டு இருந்துட்டீங்க. அது எப்படியும் குப்பைக்குப் போறது. அது உட்கார்ந்திருக்கிற இடம்தான் நமக்கு வேணும்" என்றான். நான் மறுமொழி சொல்லவில்லை. ஒரு நாள் முழுவதும், வீசியெறியப்போகும் பொருளின்மேல் சினங்கொண்டு, என்றென்றும் இருக்கவேண்டிய பொருளைப் புண்படுத்தியிருந்தேன்.

கீறல்களில் இரு வகை உண்டென்று அவன் காட்டினான். துளையைச் சுற்றி வட்டமாக விழுந்த கீறலில் எண்ணெய் புகுந்தாலும் அங்கேயே நின்றுவிடும், அது குட்டை. உள்ளிருந்து வெளியே நீளவாக்கில் விழுந்த கீறல் வாய்க்கால். எண்ணெய் அதன் வழியே ஒழுகி வந்துவிடும். என்னுடையது வாய்க்கால். நல்ல வேளையாக அது முழுத் தொலைவும் ஓடாமல் நடுவழியில் நின்றிருந்தது.

அடுத்து அவன் செய்ததுதான் என்னை வியக்கவைத்தது. கழற்றவேண்டிய சீலை அவன் முதலில் உள்ளே தள்ளினான்! நான் நெம்பி எழுப்பிய பக்கத்தின்மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி, வளையத்தைப் பழையபடி நேராக உட்காரவைத்தான். மேசை இழுப்பறையை ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தால் அது கோணிக்கொண்டு இறுகிவிடுகின்றது அல்லவா? வலுவாக இழுக்க இழுக்க மேலும் இறுகும். உள்ளே தள்ளி நேராக்கி, இரு பக்கமும் பிடித்து இழுத்தால் தானே வரும். சீலும் அவ்வாறே. நான் அதனைக் கோணலாக்கி வைத்திருந்தேன். கோணல் நிமிராமல் வெளியே வர அதற்கு வழியில்லை.

வளையம் நிமிர்ந்த பின், கொக்கி வடிவான நெம்புகோல் ஒன்றை எடுத்து, அடியில் மரத்துண்டு வைத்து, ஓரிடத்தில் சிறிது, நேர் எதிரில் சிறிது, பக்கங்களில் சிறிது என்று சுற்றி வந்தான். வழக்கமாக அவ்வளவிலேயே வந்துவிடுமாம். முகம் நசுங்கியிருந்ததால் கொக்கிக்குப் பிடி கிடைக்கவில்லை. ஆகவே இரண்டாவது உபாயத்துக்குப் போனான்.

ஒரு பழந்துணியைச் சுருட்டி, அதில் நூல் கட்டி, நூல் முனை வெளியே தொங்கும்படி கியர் பெட்டியின் வாயில் திணித்தான். துளையிடும்போது உதிரும் இரும்புத் துகள் உள்ளே விழுந்தால் பற்சக்கரங்களைத் தின்றுவிடும் என்பதற்காகத் துணி. துணியை உள்ளேயே மறந்துவிடாமல் இருப்பதற்காக நூல். துளைக்கும் அலகில் கிரீஸ் தடவினான்; துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அலகின் நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி ஒட்டுநாடாவைச் சுற்றினான். நாடா தொட்டவுடன் நிறுத்தினால் அலகு ஆழச் செல்லாது. சீலின் எஃகு முகத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரே இரண்டு சிறு துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணியை முடுக்கினான். திருகாணித் தலையைக் குறடால் பற்றி, மரத்துண்டை ஊன்றி, இப்பக்கம் ஓர் இழுப்பு, அப்பக்கம் ஓர் இழுப்பு. நான்காவது முறையில், தயிர்ப்பானையின் வாயிலிருந்து துணி கழன்றாற்போல மெல்லிய ஓர் ஓசையுடன் சீல் அவன் கையில் வந்துவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தீயால் சுட்டால் எளிதில் வருமென்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டேன். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டும்போது பட்டையைக் காய்ச்சி விரித்து, மரத்தின்மேல் ஏற்றி, நீர் ஊற்றி இறுக்குவது நம் கருமான் அறிந்த வித்தை. இங்கும் அந்தத் தத்துவம் பொருந்தும். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். வெளிப்புறம் எஃகாகவே உள்ள சீல் 50 மில்லிமீட்டர்த் துளையில் இருந்து, வெப்பநிலை 60 பாகை ஏறினால், துளைக்கும் சீலுக்கும் இடையே கிடைக்கும் தளர்வு ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. சிறியதுதான், ஆனாலும் இறுக்கத்தில் ஒரு பகுதி குறையும். அதற்குக் கொதிநீரில் நனைத்த துணியே போதும். எண்ணெயும் பெட்ரோலும் உள்ள இடத்தில் நெருப்பைக் கொண்டுபோவதை அவன் கண்டிப்பாக மறுத்தான். "என் கொட்டகையில யாரையும் அதைச் செய்ய விடமாட்டேன் சார்" என்றான்.

கழற்றிய தண்டையும் துடைத்துப் பார்த்தோம். உதடு தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று வளையமாக ஓடியிருந்தது. மெத்தென்ற ரப்பர், கடினமான எஃகைத் தேய்த்திருக்கின்றது! கிணற்றுக் கல்லில் கயிறு பதித்த தடம் உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ரப்பரில் பதிந்த நுண்ணிய புழுதிதான் அரமாக இருந்து அறுத்திருக்கின்றது. பள்ளம் ஆழமாக இருந்தால் தண்டையே மாற்றவேண்டும். எங்களுடையது நகத்தில் சிக்காத அளவே இருந்ததால், புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அமைத்து, உதடு பழைய தடத்தில் ஓடாமல் புதிய இடத்தில் ஓடும்படி செய்யலாம் என்றான். துளையின் அடியில் அதற்கு இடம் இருக்கின்றதா என்று அளந்து பார்த்த பிறகே அவ்வாறு சொன்னான்.

பூட்டுவதை விரைவாகச் சொல்லிவிடுகின்றேன். என் கீறலின் மேடுகளை மெல்லிய உப்புத்தாளால் நீவினான்; பள்ளத்தை நிரப்ப அடைப்புப் பசையை மயிரிழை அளவு தடவினான். நூலைப் பிடித்துத் துணியை இழுத்து எடுத்தான். புதுச் சீலின் உதட்டில் கியர் எண்ணெய் தடவினான். உலர்ந்த உதடு முதற் சுற்றிலேயே கருகிவிடும். கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினான். தண்டின் முனையில் உள்ள பற்கள் உதட்டைக் கிழித்துவிடாதபடி, தண்டை உயர்த்திப் பிடித்து நேராகச் செலுத்தினான். இந்த ஒரு வேலையை மட்டும் என்னையும் பிடிக்கச் சொன்னான். "மெதுவா சார், மெதுவா" என்று இரண்டு முறை சொன்னான். வகுப்பில் நான் அவனிடம் அந்தச் சொல்லைச் சொன்னதாக நினைவில்லை. விரைந்து சொல் என்றுதான் சொல்லியிருக்கின்றேன்.

புது எண்ணெய் ஊற்றி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தோம். கூலி வாங்க மறுத்தான். நானும் விடவில்லை. தொழிலுக்குக் கூலி வாங்காதவனிடம் மறுமுறை எப்படி வேலை சொல்வது? என் மனைவி அவனுக்குக் காப்பி கொடுத்தாள்.

வண்டி நிற்குமிடத்தில் இப்போது ஒவ்வோர் இரவும் ஒரு பழைய செய்தித்தாளை விரிக்கின்றேன். காலையில் அதனை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது என் முதல் வேலை. இந்த நான்கு மாதத்தில் தாளில் ஒரு சொட்டும் விழவில்லை. கழற்றிய சீல் என் மேசைமேல் இருக்கின்றது. அதன் முகத்தில் அவன் போட்ட இரண்டு துளைகளும், நான் உண்டாக்கிய நசுங்கலும் தெளிவாகத் தெரிகின்றன. வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் அதனைக் கொடுத்து, எதை யார் செய்தது என்று கண்டுபிடிக்கச் சொல்கின்றேன். ஒருவரும் இதுவரை தவறாகச் சொன்னதில்லை.

வலப்பக்கத்துச் சீல் இன்னும் பழையதுதான். போகும்போது அவன் அதனையும் ஒருமுறை குனிந்து பார்த்தான். "அது இன்னும் ஆறு மாசம் தாங்கும் சார். கசிஞ்சா கூப்பிடுங்க" என்றவன், வண்டியைக் கிளப்பிய பிறகு திரும்பி, "நான் வர்ற வரைக்கும் அந்தத் திருப்புளியை மட்டும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.